ஒறக்கம் தரும் குளிகையும் தராத குளிகையும்

போன வருஷம் புரட்டாசியில் ஒரு விடியற்காலை, நாலு குலை செவ்வாழையை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு புதுக்கடையில் இருந்து மார்த்தாண்டம் சந்தைக்குப் புறப்பட்டேன். காப்புக்காடு தாண்டியது நினைவில் இருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, ரோட்டோர ஓடையில் கிடந்த என்னை ரெண்டு பேர் தூக்கி உட்கார வைத்ததுதான். எதிரே வண்டி வரவில்லை, நாய் குறுக்கே பாயவில்லை. கண் அசந்திருக்கிறேன், அவ்வளவுதான். காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் கட்டு. ரப்பர் வெட்டுக்குக் கூலி ஆள், வாழைக்குக் கூலி ஆள். குலை நாலும் நசுங்கி மாட்டுக்குப் போயிற்று.

கட்டுப் போட்ட டாக்டர் முதலில் கேட்டது, "ராத்திரி குடிச்சீங்களா?" எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். "வேற மருந்து ஏதாவது?" ஒன்றும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது மருந்தாகவே தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "தெனமும் ராத்திரி தும்மலுக்கு ஒரு மஞ்ச குளிகை போடுவாவ டாக்டர். எட்டு வருஷமா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த மாத்திரை? பேர் என்ன?"

பேர் எனக்குத் தெரியாது. மருந்துக்கடையில் "தும்மலுக்கு" என்று கேட்டால், அட்டையில் இருந்து பத்து மாத்திரை வெட்டித் தருவார்கள். வெட்டின துண்டில் பாதிப் பேர் இருக்கும், பாதி இருக்காது. நெல் விதை வாங்கும்போது எந்த ஊர் நெல், எத்தனை நாள் வயது, யார் வயலில் விளைந்தது என்று பத்து கேள்வி கேட்கிறவன் நான். வாயில் போடும் மாத்திரைக்கு ஒரு கேள்வி கேட்டதில்லை.

இயற்கை விவசாயப் பத்திரிகையில் மாத்திரைக் கதை எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நம்ம தொழிலில்தான் இந்தத் தொல்லை கூடுதல். உப்பு உரம் போடுகிறவர் ஒரு மூட்டையைப் பிரித்துத் தூவிவிட்டுப் போய்விடுவார். நாம் வைக்கோல் உதறுகிறோம், மூடாக்கு விரிக்கிறோம், மக்கு உரக் குவியலைப் புரட்டுகிறோம், சலிக்கிறோம். அந்தத் தூசியில் பூசணத்தின் விதைத்தூள் கோடிக்கணக்கில் இருக்கும். கன்னிப்பூ அறுப்பு முடிந்து புது வைக்கோல் வந்தால் எனக்கு விடியும்போதே தும்மல் தொடங்கும். இருபது, முப்பது என்று அடுக்கடுக்காக வரும். மூக்கில் தண்ணீர் ஒழுகும், கண் அரிக்கும். துளசியும் ஆடாதொடையும் எங்கள் வீட்டிலும் உண்டு, சளி இருமலுக்குக் குடிக்கிறோம். இந்தத் தும்மல் அதற்கு அடங்கவில்லை. அதனால்தான் மஞ்சள் குளிகை.

கட்டோடு வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில், மருந்தாளுநர் படிப்பு முடித்த என் தங்கை மகள் அடிக்கடி வந்து போனாள். தகர டப்பாவில் நான் சேர்த்து வைத்திருந்த துண்டுகளைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "மாமா, இதுல பெரும்பாலும் குளோர்பெனிரமின். இது தும்மலை நிறுத்துகிற மருந்து மட்டும் இல்ல, மூளையையும் மந்தமாக்கும்" என்றாள். அவளிடம் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை.

நம் தோலிலும் மூக்கிலும் கண்ணிலும் மாஸ்ட் செல் என்று சில செல்கள் காவலுக்கு நிற்கின்றன. அவற்றின் உள்ளே ஹிஸ்டமின் என்ற பொருள் சிறு சிறு பொட்டலமாக இருக்கிறது. ஒவ்வாத தூசி வந்து பட்டதும் பொட்டலம் உடைந்து ஹிஸ்டமின் வெளியே கொட்டும். அது போய் உட்காருவதற்கென்று நரம்பிலும் ரத்தக் குழாயிலும் தனி இடங்கள் உண்டு. பூட்டும் சாவியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி பொருந்தியதும் அரிப்பு, தும்மல், நீர் ஒழுக்கு, தோலில் தடிப்பு எல்லாம் வரும். ஒவ்வாமைக்குத் தரும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. பூட்டின் துவாரத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. தூசியில் கை வைக்கும் முன்பே மாத்திரை போட்டால் நன்றாகக் கேட்பதற்கும், தும்மி முடித்த பிறகு போட்டால் தாமதமாவதற்கும் காரணம் இதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே ஹிஸ்டமின் மூளையில் வேறு வேலை பார்க்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கூட்டம், நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஹிஸ்டமினைச் சுரந்து மற்ற பகுதிகளை முழிப்பாக வைத்திருக்கிறது. அங்கேயும் அதே பூட்டு. பழைய மாத்திரைகள் கொழுப்பில் எளிதாகக் கரையும் சிறு மூலக்கூறுகள். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களின் நெருக்கமான வேலியைத் தாண்டி உள்ளே போய், முழிப்பு தரும் பூட்டையும் அடைத்துவிடும். புதிய மாத்திரைகள் அந்த வேலியைத் தாண்டக் கஷ்டப்படும். தாண்டினாலும் வேலியிலேயே இருக்கும் ஒரு பம்பு அவற்றில் பலவற்றைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். பழசுக்கும் புதுசுக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

1937-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் தானியல் போவே என்பவரும் ஆன்-மரி ஸ்டாப் என்ற மாணவியும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டார்கள். போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1940-களில் வரிசையாக மாத்திரைகள் வந்தன. இன்றும் நம்ம ஊர் கடைகளில் விற்கும் குளோர்பெனிரமின், பெனிரமின் (அவில்), டைபென்ஹைட்ரமின் (பெனட்ரில்), புரோமெத்தசின் (பெனர்கன்) எல்லாம் அந்தப் பழைய குடும்பம்தான். இந்த மருந்துகள் மூளைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். புரோமெத்தசினின் உறவுப் பொருள்களைச் செய்து பார்த்துக்கொண்டே போனபோதுதான் குளோர்புரோமசின் கிடைத்தது. அது தும்மலுக்கு வரவில்லை. 1950-களில் மனநோய் மருத்துவமனைகளையே மாற்றிய மருந்து அது.

"ராத்திரிதானே போடுறேன், காலையில சரியாயிரும்" என்றுதான் நானும் எட்டு வருஷம் நினைத்தேன். குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் ஒரு நாள் ஆகும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டது காலை நாலரைக்கு ரப்பர் வெட்டும் கத்தியைக் கையில் எடுக்கும்போதும் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. தினமும் போட்டால் நேற்றையதோடு இன்றையதும் சேரும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2000-ல் வெளிவந்தது. ஒவ்வாமை உள்ள நாற்பது பேரைக் கார் ஓட்டுவது போலவே அமைந்த ஒரு கருவியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், ஒரு தடவை புதிய மாத்திரையான பெக்சோபெனடின் 60 மில்லிகிராம், ஒரு தடவை போதை ஏறும் அளவு மது, ஒரு தடவை மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. முன்னால் போகும் வண்டியை இடைவெளி மாறாமல் தொடர்வதில் மிக மோசமாக ஓட்டியது டைபென்ஹைட்ரமின் போட்டபோதுதான். மது குடித்ததைவிட மோசம். பெக்சோபெனடின் போட்டவர்கள் வெறும் மாத்திரை போட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள்.

அந்தச் சோதனையில் எனக்குப் பயம் தந்தது வேறொன்று. உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று ஓட்டும் முன் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று சொல்ல முடியவில்லை. அதாவது, எனக்கு ஒறக்கம் ஒன்றும் இல்லை என்று சொல்கிற ஆளுக்கும் கை தடுமாறுகிறது. நம்மில் பலர் "எனக்குப் பழகிப்போச்சு" என்கிறோமே, அந்தப் பேச்சை நம்பி பைக் ஓட்டக் கூடாது.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தென்னை ஏறுகிறவர். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மரம். அவருக்கும் தடிப்பு உண்டு, அவரும் மஞ்சள் குளிகைக்காரர். நான் இதைச் சொன்னதும் சிரித்தார். "அண்ணே, ஒறக்கம் வந்தாத்தானே மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம்? ஒறக்கம் வராத குளிகைக்கு வீரியம் காணாது."

இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. ஆனால் ஒறக்கம் என்பது மருந்து வேண்டாத இடத்திலும் போய் வேலை செய்வதன் அடையாளம், வீரியத்தின் அடையாளம் இல்லை. களைக்கு அடித்த விஷம் பக்கத்து வயல் பயிரையும் வாட்டுவதை நாம் வீரியம் என்று பாராட்டுவோமா? தடிப்புக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டிகள் முதலில் எழுதச் சொல்வதே புதிய மாத்திரைகளைத்தான். ஒரு மாத்திரைக்கு அடங்காவிட்டால் மருத்துவர் அந்தப் புதிய மாத்திரையின் அளவைத்தான் கூட்டுவார், பழைய மாத்திரைக்குத் தாவுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஒவ்வாமைக்கு இப்போது இருப்பது லோரடடின் என்ற புதிய மாத்திரைதான். 2010-ல் ஐரோப்பிய ஒவ்வாமை ஆய்வாளர்களின் கூட்டமைப்பு ஒன்று, பழைய மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கடையில் விற்பதையே நிறுத்த வேண்டும் என்று எழுதியது.

புதுசு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம கூட்டத்துக்கு அந்தப் பேச்சு எடுபடவும் செய்யாது. ஒறக்கம் தராத முதல் மாத்திரைகளில் பேர் பெற்றது டெர்பெனடின். 1985-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து அமோகமாக விற்றது. வேறு சில மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, சிலர் இறந்தும் போனார்கள். 1990-களின் கடைசியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். டெர்பெனடின் நம் ஈரலில் மாறி உண்டாகும் பொருள்தான் பெக்சோபெனடின். வேலை செய்தது அதுதான், இதயத்துக்கு அந்தக் கேடு செய்யாததும் அதுதான் என்று கண்டு, அதையே தனி மாத்திரையாக்கினார்கள்.

புதிய மாத்திரைகளுக்குள்ளும் எல்லாம் ஒன்று போல இல்லை. நம்ம ஊரில் அதிகம் தருவது செட்ரிசின், லெவோசெட்ரிசின். பழைய ஹைட்ராக்சிசின் உடம்பில் மாறி வரும் பொருள்தான் செட்ரிசின். பழையதோடு பார்த்தால் ஒறக்கம் மிகக் குறைவு, ஆனால் சிலருக்குக் கண்டிப்பாக வரும். லோரடடின், டெஸ்லோரடடின் சொன்ன அளவில் போட்டால் பெரும்பாலும் வராது. பெக்சோபெனடினும் பிலாஸ்டினும் மூளைக்குள் போவதே இல்லை என்று சொல்லலாம். ஜப்பானின் தோகோகு பல்கலைக்கழகத்தில் மூளையைப் படம் பிடித்து, எந்த மாத்திரை எத்தனை பூட்டை அடைக்கிறது என்று அளந்தார்கள். ஐம்பது சதவீதத்துக்கு மேல் அடைப்பவை ஒறக்க மாத்திரை, இருபதுக்குக் கீழ் என்றால் ஒறக்கம் தராதவை என்று வகுத்தார்கள். பெக்சோபெனடின் அதில் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு எந்த ஒவ்வாமை மாத்திரை போடலாம் என்று அரசு விதியே இருக்கிறது. பெக்சோபெனடின், லோரடடின், டெஸ்லோரடடின் போட்டு ஒறக்கம் வராதவர் ஓட்டலாம். குளோர்பெனிரமின் போட்டால் ஓட்டக் கூடாது. செட்ரிசினுக்கும் அனுமதி இல்லை. விமானத்தில் பக்கத்து இருக்கையில் இன்னொரு பைலட் இருப்பார். எங்கள் தம்பி தென்னை உச்சியில் தனியாக இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

பெக்சோபெனடின் போடுகிறவர்கள் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு போட்டால் மருந்து உடம்பில் சேருவது நன்றாகக் குறைந்துவிடும். செட்ரிசின் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அதை மருத்துவர் சொல்லட்டும்.

பழைய மாத்திரைக்கு ஒறக்கம் மட்டும் குற்றம் இல்லை. அது வேறு பூட்டுகளையும் அடைக்கும். வாய் வறளும், மலம் கட்டும், கண் மங்கும். புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண்ணுக்கே ஆபத்து. வயதானவர்களுக்கு ராத்திரியில் குழப்பம் வந்து, எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு உடையும். வீட்டில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் மாத்திரை டப்பாவை இன்றே ஒரு தடவை பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, பாட்டிலில் அப்படி அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். பிள்ளைக்குப் பசி எடுக்கவில்லை என்று கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஹெப்டடின் சிரப்பும் இதே பழைய குடும்பம்தான் என்று என் மருமகள் சொல்லித்தான் தெரியும். பசி மருந்து குடித்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்தால் வாத்தியார் என்ன செய்வார்.

பழசு முழுக்க உதவாது என்றும் இல்லை. பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு ஒறக்கம் தரும் பழைய மருந்துதான் கேட்கும், புதியது கேட்காது. சாதாரண ஜலதோஷத்தில் ஒழுகும் மூக்கைப் பழையது கொஞ்சம் உலர்த்தும். அது ஒவ்வாமை இல்லாததால் புதிய மாத்திரை அதற்கு உதவாது. ஆனால் கடையில் ஜலதோஷத்துக்குத் தரும் கலவை மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் உள்ளே இருக்கும். தும்மல் மாத்திரையும் ஜலதோஷ மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர் ஒரே மருந்தை ரெண்டு பங்கு போடுகிறார். அதன் மேல் மதுவும் என்றால் சொல்லவே வேண்டாம்.

நம்ம வேலையில் வரும் எல்லா அரிப்பும் இருமலும் ஹிஸ்டமின் வேலை இல்லை. அண்டி ஆபீசில் தோடு எண்ணெய் பட்டு வரும் கொப்புளம் வேறு வகை ஒவ்வாமை, அதற்கு எந்த ஆன்டிஹிஸ்டமினும் பெரிதாகக் கேட்காது. படர்தாமரை பூசண நோய், அதற்குப் பூசண மருந்துதான் வேண்டும். மூக்கடைப்புதான் பெரிய தொல்லை என்றால் மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். இழுப்பு இருந்தால் அதற்கு இன்ஹேலர்.

வைக்கோல் உதறி நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் தும்மல் மாத்திரையோடு வீட்டில் இருக்காதீர்கள். மழையில் நனைந்து சூடேறிப் பூசணம் பிடித்த வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்களால் நுரையீரலே புண்ணாகும் நோய் அது. விவசாயி நுரையீரல் என்றே அதற்குப் பேர். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். நெஞ்சு மருத்துவரிடம் போய், வைக்கோல், மக்கு உரம் என்று வேலையைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

அடுத்தது தேனீ. மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்ததில் இருந்து எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு தேன்பெட்டி உண்டு. ரப்பர் தோட்டத்தில் கடந்தைக் கூட்டுக்கும் குறைவில்லை. கொட்டின இடத்தில் வீங்கி அரித்தால் ஆன்டிஹிஸ்டமின் போதும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு ஏறி, தொண்டை அடைத்து, மூச்சு திணறி, வாந்தியோ மயக்கமோ வந்தால் அங்கே உயிர் காப்பது அட்ரீனலின் ஊசி ஒன்றுதான். தொடைச் சதையில் போடுவார்கள். அவில் ஊசியோ செட்ரிசின் மாத்திரையோ அடைத்த தொண்டையைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றாது. "ஒரு அவில் போட்டுப் படுக்கட்டும்" என்று நேரம் கடத்த வேண்டாம். ஆளைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, மூச்சு திணறினால் சாய்த்து உட்கார வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், திரும்ப வரக்கூடும்.

இப்போது என் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லி முடிக்கிறேன். டாக்டர் எழுதித் தந்த பெக்சோபெனடினை வைக்கோல் வேலை இருக்கும் நாட்களில் மட்டும், வேலைக்கு ரெண்டு மணி நேரம் முன்பே போடுகிறேன். வருஷம் முழுக்கப் போடுவதில்லை. வைக்கோல் பிரிக்கும் முன் பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறேன். மக்கு உரத்தைக் காய்ந்த நிலையில் சலிப்பதை விட்டுவிட்டேன், கைப்பிடியில் ஈரம் தெரியும்போது காற்றில்லாத நேரம் பார்த்துப் புரட்டுகிறோம். துண்டை மூக்கில் கட்டுவது போதவில்லை, என்-95 முகமூடி வாங்கினேன். வேலை முடிந்ததும் சட்டையை வெளியே கழற்றிவிட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள். இவ்வளவும் செய்த பிறகு மாத்திரை தேவைப்படும் நாட்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன.

விலை முன்பு பெரிய வித்தியாசமாக இருந்திருக்கலாம். இப்போது செட்ரிசினும் லோரடடினும் மலிவாகவே கிடைக்கின்றன. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். கடையில் அட்டையை வெட்டித் தந்தால், பேர் இருக்கும் பக்கத்தைத் தரச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பேர். குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் இதில் எது இருந்தாலும் மறுநாள் மரம் ஏறவோ, வண்டி எடுக்கவோ, வெட்டுக்கத்தி பிடிக்கவோ கூடாது.

தென்னை ஏறும் தம்பி லோரடடினுக்கு மாறி மூணு மாதம் ஆகிறது. தடிப்பு அடங்கித்தான் இருக்கிறது. "ஆனா அண்ணே, ராத்திரி முன்ன மாதிரி ஒறக்கம் பிடிக்க மாட்டேங்குது" என்று போன வாரம் குறைப்பட்டுக்கொண்டார். எட்டு வருஷம் போட்டுவிட்டு நிறுத்தியபோது எனக்கும் முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் இருந்தது என்றேன்.